செரோக்கித் தலைவர் மக்கள் முன் நின்று சொல்லும் ஆண்டுக் கணக்கு

கேள்வி, செப்டம்பர் 2

"தாலெக்வாவில் நடப்பது ஒரு விடுமுறைக் கொண்டாட்டம். ஊர்வலம், ஆட்டம், கடைகள், நடுவில் பழங்குடித் தலைவரின் வாழ்த்துரை. அதைத் 'தேசத்தின் நிலை குறித்த அறிக்கை' என்று அழைப்பது மிகையில்லையா? நேரில் பார்த்தவர்கள் சொல்லுங்கள்."

செப்டம்பர் 3, இரவு

மிகை இல்லை. நான் நேரில் பார்த்தவன். ஓக்லஹோமா மாநிலத்தில் டல்சாவில் குடியிருக்கிறேன், அங்கிருந்து ஒன்றேகால் மணி நேரம் காரில் போனால் செரோக்கி தேசத்தின் தலைநகரான தாலெக்வா. 2018இல் அலுவலக நண்பர் ஒருவர் தம் குடும்பத்தோடு என்னையும் அழைத்துப் போனார். அவர் செரோக்கி தேசத்தின், அதாவது அமெரிக்காவுக்குள் தனக்கென அரசு வைத்திருக்கும் பழங்குடி தேசத்தின், குடிமகன். 'குடிமகன்' என்றுதான் சொல்வார், 'உறுப்பினர்' என்று சொல்ல மாட்டார். அந்த ஒரு சொல்லிலேயே உங்கள் கேள்விக்குப் பாதி பதில் இருக்கிறது.

செப்டம்பரின் முதல் திங்கட்கிழமை அமெரிக்காவில் தொழிலாளர் தினம். அதையொட்டிய வார இறுதியில்தான் செரோக்கி தேசிய விடுமுறை. சனிக்கிழமை காலை ஊர்வலம் முடிந்ததும் கூட்டம் பழைய தலைமைச் செயலகச் சதுக்கத்துக்கு நகர்ந்தது. 1860களின் இறுதியில் கட்டத் தொடங்கிய செங்கல் கட்டடம் அது. இப்போது அருங்காட்சியகமாக இருக்கிறது. வெயில் கொளுத்தியது. முதியவர்களுக்கு முன்வரிசையில் நிழல் பார்த்து நாற்காலி போட்டிருந்தார்கள். மற்றவர்கள் வீட்டிலிருந்து கொண்டுவந்த மடக்கு நாற்காலியை விரித்துக்கொண்டார்கள்.

அப்போது முதன்மைத் தலைவர் பில் ஜான் பேக்கர். இறகுத் தொப்பியோ தோல் ஆடையோ இல்லை. அந்தத் திரைப்பட உருவத்தைத் தயவுசெய்து மறந்துவிடுங்கள். வேலைவாய்ப்பு, வீடு, சாலை, மருத்துவம் என்று பேச்சு போனது. ஊரில் எல்லோர் வாயிலும் இருந்தது கட்டுமானத்தில் இருந்த புதிய புறநோயாளர் மருத்துவமனைதான். 4,69,000 சதுர அடி, 2019இல் திறந்தார்கள். நண்பரின் சித்தப்பா பேச்சு முழுவதும் கைகளைக் கட்டிக்கொண்டு, வங்கிக் கணக்குப் புத்தகத்தைச் சரிபார்ப்பவர் முகத்தோடு உட்கார்ந்திருந்தார். வாழ்த்துரையை யாரும் அப்படிக் கேட்பதில்லை.

இது வாழ்த்து அல்ல, கணக்கு. 1839 செப்டம்பர் 6 அன்று அதே ஊரில் அவர்கள் தங்கள் அரசியலமைப்புச் சட்டத்தில் கையொப்பமிட்டார்கள். கண்ணீர்த் தடம் என்று சொல்லப்படும் கட்டாய இடப்பெயர்வு முடிந்த அதே ஆண்டு. தென்கிழக்கு அமெரிக்காவில் இருந்த சொந்த மண்ணிலிருந்து சுமார் 16,000 பேர் துரத்தப்பட்டார்கள். ஏறத்தாழ 4,000 பேர் இறந்தார்கள் என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு. பிணங்களைப் புதைத்துக்கொண்டே வந்து சேர்ந்தவர்கள் சில மாதங்களுக்குள் உட்கார்ந்து சட்டம் எழுதியிருக்கிறார்கள். அந்த நாளின் நினைவாகத்தான் விழா. அன்றிலிருந்து ஆண்டுதோறும் தலைவர் மக்கள் முன் நின்று கணக்குச் சொல்லி வருகிறார்.

செப்டம்பர் 4

நேற்றைய கடைசி வரி தவறு. இரவு படுத்த பிறகுதான் உறைத்தது. திருத்துகிறேன்.

1839 முதல் தொடர்ச்சியாக நடப்பது அல்ல இது. விழா தொடங்கியது 1953இல். இடையில் நடந்ததைத் தாண்டிப் போனால் இதன் எடையே தெரியாது.

செரோக்கிகளுக்கு ஆண்டறிக்கை புதிதல்ல. ஜார்ஜியாவில் நியூ எச்சோட்டா தலைநகராக இருந்த காலத்திலேயே, 1827இல், முதல் அரசியலமைப்பை எழுதிவிட்டார்கள். 1828 முதல் 1866 வரை முதன்மைத் தலைவராக இருந்த ஜான் ராஸ், பேரவை கூடும்போது ஆண்டுச் செய்தி அளிப்பார். ஜார்ஜியா அரசு பேரவை கூடக் கூடாது என்று தடுத்ததும், 1832இல் டென்னசி எல்லையில் ரெட் கிளே என்னும் ஊற்றங்கரைக்குப் போய் அங்கே கூடினார்கள்.

பிறகு வந்தது இருள். அமெரிக்க நாடாளுமன்றத்தின் 1898 கர்ட்டிஸ் சட்டம் அவர்கள் நீதிமன்றங்களை ஒழித்தது. பொது நிலம் தனித்தனித் துண்டுகளாகப் பிரிக்கப்பட்டது. 1906 சட்டத்தின் பிறகு முதன்மைத் தலைவரை அமெரிக்க அதிபரே நியமிக்கலாம் என்றாகிவிட்டது. 1907இல் ஓக்லஹோமா மாநிலமானது. நிலப் பத்திரத்தில் கையெழுத்துப் போட ஆள் வேண்டும்போது ஒருவரைத் தலைவராக நியமிப்பார்கள். வேலை முடிந்ததும் பதவியும் முடியும். 'ஒருநாள் தலைவர்கள்' என்று அவர்களைச் சொல்வார்கள். செரோக்கிகள் வாக்களித்துத் தலைவரைத் தேர்ந்தெடுத்தது 1903இல். அடுத்த முறை அந்த உரிமை கிடைத்தது 1971இல். நடுவில் 68 ஆண்டுகள்.

1953இல் தலைவராக இருந்த டபிள்யூ. டபிள்யூ. கீலரும் 1949இல் அதிபர் ட்ரூமன் நியமித்தவர்தான். எண்ணெய் நிறுவன அதிகாரி. ஆக, விழா தொடங்கிய காலத்தில் மேடையில் நின்றவருக்கு எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் அவருக்கு வாக்களித்தவர்களே அல்ல.

செப்டம்பர் 4, சற்று நேரம் கழித்து

மேலே எழுதியதை மறுபடி படித்தேன். 'அப்படியானால் 1953இல் நடந்தது வெறும் சடங்குதானே' என்று யாராவது கேட்பீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வாக்குரிமை வருவதற்கு 18 ஆண்டுகள் முன்பே கூடத் தொடங்கிவிட்டார்கள். தலைவரைத் தேர்ந்தெடுக்க முடியாத மக்கள், தலைவர் தங்கள் முன் வந்து நிற்க வேண்டும் என்ற வழக்கத்தை முதலில் உருவாக்கிக்கொண்டார்கள். 1970இல் அமெரிக்க நாடாளுமன்றம், தலைவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையைத் தரும் சட்டத்தை இயற்றியது. அடுத்த ஆண்டு தேர்தல். கீலர் அதில் நின்று வென்றார். அந்த ஆண்டு விழாவில் அதே மனிதர், அதே ஊரில், அதே மக்கள் முன் நின்றபோது எல்லாம் மாறியிருக்கும்.

செப்டம்பர் 5

'செரோக்கி' என்று ஒரே அரசைப்போல எழுதுகிறீர்களே என்று ஒருவர் சுட்டிக்காட்டியது சரி. கூட்டாட்சி அரசின் அங்கீகாரம் பெற்ற செரோக்கி அரசுகள் மூன்று. நான் எழுதுவது தாலெக்வாவைத் தலைநகராகக் கொண்ட செரோக்கி தேசம் பற்றி. அதே ஊரில் யுனைடெட் கிடூவா குழுவும் இருக்கிறது. இடப்பெயர்வுக்குத் தப்பி வட கரோலினா மலைகளிலேயே தங்கியவர்களின் வழியினர் கிழக்குக் குழு. 1984 ஏப்ரலில் தேசத்தின் பேரவையும் கிழக்குக் குழுவின் பேரவையும் ரெட் கிளேயில் கூட்டாகக் கூடின. 1838இல் பிரிந்தவர்கள் அதே ஊற்றங்கரையில் மறுபடி உட்கார்ந்தார்கள். 146 ஆண்டுகள்.

செப்டம்பர் 6

இன்று அந்தக் கையொப்பம் இட்ட நாள். வந்திருக்கும் எதிர்ப்பு வலுவானது: "கணக்குச் சொல்கிறார் என்கிறீர்கள். கேட்பவர்கள் கேள்வி கேட்க முடியுமா? இல்லையென்றால் அது பிரச்சாரம்."

ஒப்புக்கொள்கிறேன். சதுக்கத்தில் யாரும் கை உயர்த்திக் கேள்வி கேட்டு நான் பார்க்கவில்லை. கைதட்டல், பாட்டு, அவ்வளவுதான். நண்பரின் சித்தப்பாவிடம் இதைக் கேட்டேன். அவர் செங்கல் கட்டடத்தைக் காட்டி, "1997இல் இந்தக் கதவைப் பலகை வைத்து அடைத்தார்கள், தெரியுமா?" என்றார்.

தெரிந்துகொண்டேன். அந்தக் கட்டடம் அப்போது தேசத்தின் நீதிமன்றமாக இருந்தது. அன்றைய முதன்மைத் தலைவர் ஜோ பேர்ட். தேசத்தின் பணம் எப்படிச் செலவாகிறது என்ற ஆவணங்களைத் தேடி, தேசத்தின் சொந்தக் காவல் அதிகாரிகளே நீதிமன்ற ஆணையோடு தலைமை அலுவலகத்துக்குள் போனார்கள். அவர் அந்தக் காவலர்களைப் பதவிநீக்கம் செய்தார். தேசத்தின் நீதிபதிகளோடு மோதல் முற்றியது. கடைசியில் அவருடைய பாதுகாப்புப் படையினர் நீதிமன்றக் கட்டடத்தையே கைப்பற்றி மூடினார்கள். கணக்குக் கேட்டதில் தொடங்கிய நெருக்கடி அது.

அதிலிருந்து அவர்கள் எழுந்த விதம்தான் எனக்கு முக்கியம். 1999இல் அரசியலமைப்பு மாநாடு கூட்டிப் புதிய சட்டத்தை எழுதினார்கள். 2000இல் பத்திரிகைச் சுதந்திரத்துக்கென்றே தனிச்சட்டம் கொண்டுவந்தார்கள். 'செரோக்கி ஃபீனிக்ஸ்' 1828 பிப்ரவரி 21 அன்று முதல் இதழ் வெளியிட்ட பத்திரிகை. இன்றும் தேசத்தின் நிதியில் நடக்கிறது. ஆனால் என்ன எழுத வேண்டும் என்று தலைவர் உத்தரவிட முடியாது. சனிக்கிழமை தலைவர் பேசியதை உரசிப் பார்க்கும் இடம் அது. நான்கு ஆண்டுக்கு ஒருமுறை வாக்குச்சீட்டு இன்னோர் இடம்.

ஆக, சதுக்கத்தில் கேள்வி இல்லை என்பது உண்மை. ஆனால் அங்கே உட்கார்ந்திருந்தவர்களில் வயதானவர்களுக்கு அடைத்த கதவு நினைவிருக்கிறது. சித்தப்பாவின் கட்டிய கைகளுக்கு எனக்கு அப்போதுதான் பொருள் விளங்கியது.

செப்டம்பர் 8

என்னதான் சொல்வார்கள் அந்த அறிக்கையில், பணம் எங்கிருந்து வருகிறது என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள்.

கேசினோ வருமானம் உண்டு. தேசம் நடத்தும் நிறுவனங்கள் உண்டு, கூட்டாட்சி நிதி உண்டு. எனக்கு மிகவும் பிடித்தது வண்டி எண்பலகை. செரோக்கிக் குடிமக்கள் தேசத்தின் சொந்த எண்பலகையை வாங்கலாம். அந்த வருமானத்தில் 38 விழுக்காடு அப்பகுதிப் பொதுப் பள்ளிகளுக்குப் போகிறது. செரோக்கி அல்லாத பிள்ளைகளும் படிக்கும் பள்ளிகள் அவை. ஓக்லஹோமாவின் வடகிழக்கில் 14 மாவட்டங்களில் ஏறத்தாழ 7,000 சதுர மைல் அவர்கள் எல்லை. அங்கே நல்ல சாலையோ மருத்துவமனையோ வந்தால் எல்லோருக்கும்தான்.

அந்த எல்லை சட்டத்தில் உயிரோடு இருக்கிறதா என்பதே 2020 வரை தீராத கேள்வி. ஜூலை 9 அன்று மெக்கர்ட் வழக்கில் அமெரிக்க உச்சநீதிமன்றம், அண்டைப் பழங்குடியான மஸ்கோகி மக்களின் ஒதுக்கு நிலம் ஒருபோதும் கலைக்கப்படவில்லை என்று தீர்ப்பளித்தது. 2021 மார்ச்சில் மாநில நீதிமன்றம் அதையே செரோக்கிகளுக்கும் பொருத்தியது. எல்லைக்குள் பழங்குடியினர் குற்றம்சாட்டப்படும் பல வழக்குகள் தேசத்தின் பொறுப்பாயின. அதுவரை மருத்துவமனை, வீடு என்று பேசிய அறிக்கையில் அதன் பிறகு நீதிமன்றம், அரசு வழக்கறிஞர், காவல் என்று ஒரு பெரிய பகுதி சேர்ந்துகொண்டது. ஓர் அரசு தன் பொறுப்புகள் பெருகிப்போனதை மக்களிடம் சொல்வதற்குப் பெயர் வாழ்த்துரையா?

2020இல் தொற்றுக்காலம் என்பதால் விழா இணையவழியில் நடந்தது. தலைவர் சக் ஹாஸ்கின் ஜூனியரின் உரையை வீட்டில் திரையில் பார்த்தேன். சொற்கள் எல்லாம் இருந்தன. ஆனால் எதிரே யாரும் கை கட்டி உட்கார்ந்திருக்கவில்லை.

செப்டம்பர் 9

முக்கியமான ஒன்றை விட்டுவிட்டேன்: மொழி.

2018இல் கூட்டம் தொடங்கும்முன் ஒருவர் செரோக்கி மொழியில் வழிபாடு சொன்னார். எங்கள் வரிசையில் நண்பரின் அம்மா இருந்தார். அவர் உதடுகள் மட்டும் கூடவே அசைந்தன. நண்பர் தலைகுனிந்து நின்றார். அவருக்கு ஒரு சொல்லும் புரியாது. சித்தப்பாவுக்கும் அரைகுறைதான். சொந்த நாட்டின் தலைநகரில், சொந்த அரசின் கூட்டத்தில், ஒரு வரிசை முழுக்க ஒரே ஒருவருக்குத்தான் அந்த வழிபாடு புரிந்தது. எனக்குத் தொண்டை அடைத்தது.

சரளமாகப் பேசுபவர்கள் ஏறத்தாழ 2,000 பேர் என்பது 2019 வாக்கில் தேசமே சொன்ன எண்ணிக்கை. பெரும்பாலானோர் முதியவர்கள். குடிமக்களோ 4,50,000க்கும் மேல். 2019இல் பேசுபவர்கள் தங்கள் பெயரைத் தாங்களே எழுதிக் கையொப்பமிடும் ஏடு ஒன்றைத் திறந்தார்கள். நண்பரின் அம்மாவும் போய்க் கையொப்பமிட்டார். அதே ஆண்டு மொழிக்கென 1.6 கோடி டாலர் ஒதுக்கும் சட்டம் வந்தது. 1975இல் வெளியான செரோக்கி அகராதியை உருவாக்கிய டர்பின் ஃபீலிங்கின் பெயரை அதற்கு வைத்தார்கள். 2020 டிசம்பரில் தடுப்பூசி வந்தபோது, முதலில் போடப்பட்டவர்களில் மொழி பேசுபவர்களும் இருந்தார்கள். மருத்துவர்களுக்கு நிகராக! ஒரு மொழியை இவ்வளவு நேரடியாகக் காப்பாற்ற முயன்ற அரசு வேறெதையும் நான் அறியேன்.

இந்த மொழிக்கு எழுத்தை 1821 வாக்கில் ஆக்கி முடித்தவர் செக்வோயா என்ற தனிமனிதர். ஆங்கிலம் படிக்கத் தெரியாதவர். நம் க, கா, கி வரிசையில் உடம்பு ஒன்று, குறி மாறும். அவர் ஆக்கிய 85 எழுத்துகளில் அப்படி இல்லை. 'க' ஒலிக்கும் 'கி' ஒலிக்கும் உருவத்தில் உறவே கிடையாது. ஒவ்வோர் அசைக்கும் தனி முகம்.

செப்டம்பர் 11

செக்வோயா ஆக்கியது 86. ஓர் எழுத்து பின்னர் வழக்கொழிந்ததால் இன்று 85. சுட்டிக்காட்டியவருக்கு நன்றி.

செப்டம்பர் 14

நாடாளுமன்றப் பிரதிநிதி பற்றிக் கேட்டவருக்கு. 1835 டிசம்பரில் கையெழுத்தான நியூ எச்சோட்டா ஒப்பந்தத்தின் 7ஆம் பிரிவு, அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் செரோக்கிகளுக்கு ஒரு பிரதிநிதி உண்டு என்கிறது. 2019 ஆகஸ்டில் ஹாஸ்கின், கிம் டீஹீயை அந்த இடத்துக்கு அறிவித்தார். 2022 நவம்பரில் சபையின் விதிகள் குழு இதை விசாரித்தது.

முதலில் இது எனக்கு எளிய நீதியாகத் தெரிந்தது. பிறகு உறுத்தியது. அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர்கள் சிறு குழுவினர். தேசம் அவர்களுக்கு அதிகாரம் கொடுக்கவில்லை. ஜான் ராஸ் ஆயிரக்கணக்கானோர் கையொப்பமிட்ட மனுக்களோடு வாஷிங்டனில் எதிர்த்துப் போராடினார். செனட்டில் தேவையான பெரும்பான்மைக்கு மேல் ஒரே ஒரு வாக்கில் அது நிறைவேறியது. கண்ணீர்த் தடத்துக்கு வழி திறந்த காகிதம் அது. ஃபீனிக்ஸின் முதல் ஆசிரியர் எலியாஸ் பூடினோ அதில் கையெழுத்திட்டவர்களில் ஒருவர். 1839 ஜூனில் சொந்த மக்களாலேயே கொல்லப்பட்டார். அப்படிப்பட்ட ஒப்பந்தத்தை இன்று கையில் பிடித்துக்கொண்டு உரிமை கேட்பதா?

நண்பரிடம் கேட்டேன். "அந்தக் காகிதத்துக்கான விலையை நாங்கள் கொடுத்துவிட்டோம். அவர்கள்தான் இன்னும் கொடுக்கவில்லை" என்றார். அதற்குமேல் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

செப்டம்பர் 15

அடிமைகள் பற்றி ஏன் வாய் திறக்கவில்லை என்று ஒருவர் கோபப்பட்டிருக்கிறார். கோபம் நியாயமானது. முதல் நாளே எழுதியிருக்க வேண்டும்.

செரோக்கிகளில் வசதியானவர்கள் கறுப்பின மக்களை அடிமைகளாக வைத்திருந்தார்கள். கண்ணீர்த் தடத்தில் அந்த அடிமைகளும் நடந்தார்கள். 1866 ஒப்பந்தம் விடுதலை பெற்றவர்களுக்கும் அவர்கள் வழியினருக்கும் செரோக்கிகளுக்குள்ள உரிமைகள் எல்லாம் உண்டு என்றது. ஆனால் 2007இல் தேசமே வாக்கெடுப்பு நடத்தி அவர்களில் பெரும்பாலோரை வெளியேற்றியது. 2017 ஆகஸ்டில் கூட்டாட்சி நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. தேசம் மேல்முறையீடு செய்யவில்லை. 2021 பிப்ரவரியில் தேசத்தின் உச்சநீதிமன்றமே அவர்களை விலக்கப் பயன்பட்ட 'இரத்த வழி' என்ற சொற்களை அரசியலமைப்பிலிருந்து நீக்கியது.

கணக்குச் சொல்வது பற்றி இத்தனை எழுதினேனே, யார் முன் கணக்குச் சொல்கிறார்கள் என்பது அதற்கு முந்தைய கேள்வி. பட்டியலில் இல்லாதவருக்கு யாரும் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2018இல் குடிநீர் வாங்கும் வரிசையில் எனக்கு முன்னால் ஒரு கறுப்பினப் பெண்மணி நின்றார். குடியுரிமை அட்டையைக் கழுத்துப் பட்டையில் வெளியே தெரியும்படி தொங்கவிட்டிருந்தார். வேறு யாரும் அப்படி அணிந்திருக்கவில்லை. அன்று அதை நான் கவனித்தேன், புரிந்துகொள்ளவில்லை.

செப்டம்பர் 21

தாலெக்வாவுக்கு வர முடியாதவர்கள் நிலை? குடிமக்களில் பாதிக்கும் மேற்பட்டோர் தேசத்தின் எல்லைக்கு வெளியே வாழ்கிறார்கள். 1950களில் கூட்டாட்சி அரசு பழங்குடிகளை நகரங்களுக்கு இடம்பெயர்த்தது. வில்மா மேன்கில்லரின் குடும்பம் 1956இல் அப்படித்தான் சான் பிரான்சிஸ்கோ போனது. அவர் திரும்பி வந்து, பெல் என்ற சிற்றூரில் குடிநீர்க் குழாய் பதிக்க ஊராரைத் திரட்டினார். சுமார் 16 மைல். ஊர்க்காரர்களே பள்ளம் தோண்டினார்கள். தங்கள் ஊரால் முடியும் என்று அவர்களே முதலில் நம்பவில்லை. 'கடூகி' என்பார்கள், ஊர்கூடி உழைப்பதை. 1985இல் அவரே முதன்மைத் தலைவரானார், அப்பதவிக்கு வந்த முதல் பெண்.

புதிய அரசியலமைப்பின்படி 17 பேரவை இடங்களில் இரண்டு வெளியே வாழ்பவர்களுக்கு. தலைவரும் பேரவையினரும் வெளிமாநில நகரங்களுக்கே போய் அறிக்கை சொல்கிறார்கள். டெக்சாஸில் அப்படியொரு கூட்டத்துக்கு நண்பரோடு போனேன். பூங்காவில் நீள மேசைகள், உணவு. ஒரு பக்கம் பதிவு அலுவலர்கள் புகைப்படம் எடுத்து அங்கேயே அட்டை கொடுத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அது சதுக்கத்தைவிட உயர்ந்ததாகப் பட்டது. அங்கே தலைவர்கள் மக்களிடம் போனார்கள். பேச்சு முடிந்ததும் ஒரு முதியவர் துணைத் தலைவரின் கையைப் பிடித்துக்கொண்டு, மருந்து தபாலில் வரத் தாமதமாவதைப் பத்து நிமிடம் சொன்னார். துணைத் தலைவர் நகரவில்லை, உதவியாளர் குறித்துக்கொண்டார். 6ஆம் தேதி "கேள்வி இல்லை" என்று ஒப்புக்கொண்டேனே, அதைப் பாதி திரும்பப் பெறுகிறேன்.

அக்டோபர் 2

நண்பருக்கு இந்த இழை முழுவதையும் மொழிபெயர்த்துச் சொன்னேன். ஒரு தவறைத் திருத்தச் சொன்னார். எங்கள் வரிசையில் வழிபாடு புரிந்தது அவர் அம்மாவுக்கு மட்டும் என்று எழுதியிருந்தேன் அல்லவா? அன்று பாட்டியின் மடியில் உட்கார்ந்து பனிக்கூழ் சாப்பிட்டுக்கொண்டிருந்த நண்பரின் அண்ணன் மகளை நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவே இல்லை. அவளுக்கு அப்போது ஆறு வயது. 2001இல் தொடங்கிய, முழுக்க செரோக்கி மொழியிலேயே பாடம் நடத்தும் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தாள். வீடு திரும்பும் வழியில், வழிபாட்டில் வந்த ஒரு சொல்லுக்கு என்ன பொருள் என்று சித்தப்பா கேட்க, காரின் பின்னிருக்கையிலிருந்து அவள்தான் பதில் சொன்னாளாம்.